பிரெகே நமக்கு விட்டுச்சென்றது டூர்பியோனா, டயலா?

மணிக்கூண்டு:

கடிகார வரலாறு பேசப்படும் இடங்களில் ஆப்ரஹாம்-லூயி பிரெகே என்ற கடிகாரக் கலைஞரின் பெயர் வந்தாலே அடுத்த சொல் டூர்பியோன் (எந்திரத்துக்குள் சுற்றும் ஒரு கூண்டு) என்றுதான் வருகிறது. இது எனக்கு நெடுநாள் மனக்குறை. அச்சுக்கு எழுத்துரு வரைவது என் தொழில். எதைக் கண்டாலும் ‘ஒரே பார்வையில் படிக்க வருகிறதா?’ என்று கேட்டுப் பழகிவிட்டேன். அந்தக் கண்ணோடு பார்த்தால், இன்று நம் மணிக்கட்டில் இருக்கும் கடிகாரத்துக்கு அவர் தந்த பெரிய கொடை டயல்தான்.

அவர் 1747-இல் இன்றைய சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெலில் பிறந்தவர். பதினைந்து வயதில் பிரான்சுக்கு வந்து தொழில் பழகி, 1775-இல் பாரிசின் சீத்தே தீவில் சொந்தப் பட்டறை போட்டார். அந்தக் காலத்துக் கடிகாரங்களின் படங்களைப் பாருங்கள். பருத்த பெட்டி. குவிந்த எனாமல் டயல். கோலத்தில் கொடி சுற்றியதுபோல் வளைந்து நெளியும் பொன் முட்கள். நகை என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. மணி என்ன என்று கேட்டால்தான் திணறும். முள்ளின் அலங்காரம் எண்ணை மறைக்கும், பொன் முள் வெளிச்சத்தில் டயலோடு கலந்துவிடும்.

1783 வாக்கில் பிரெகே போட்ட முள்ளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மெல்லிய நேர்த் தண்டு. நுனிக்குச் சற்று முன்னால் ஒரு சிறு வட்டம். அந்த வட்டத்தில் ஒரு துளை. அது நட்டநடுவில் இல்லாமல் சற்று விலகி இருப்பதால் மிஞ்சும் உலோகம் பிறைபோல் தெரியும். வட்டத்துக்கு அப்பால் ஊசிமுனை. கண்ணை இழுப்பது வட்டத்தின் வேலை, நிமிடக் கோட்டைத் தொடுவது முனையின் வேலை. இரண்டையும் பிரித்துக் கொடுத்துவிட்டார். துளை இருப்பதால் முள்ளின் கனமும் குறைகிறது, அது மறைக்கும் இடமும் குறைகிறது. இதில் கூட்டவும் குறைக்கவும் எதுவும் எனக்குத் தோன்றவில்லை, இருபது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முள்ளின் நிறமும் கணக்கோடு வந்ததுதான். மெருகேற்றிய எஃகைச் சூடாக்கினால் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, சுமார் 300 டிகிரியை நெருங்கும்போது ஆழ்ந்த நீலம். அந்த நொடியில் தீயிலிருந்து எடுத்துவிட வேண்டும். வெள்ளை டயலில் அந்த நீலம் எந்த வெளிச்சத்திலும் காணாமல் போகாது.

அடுத்தது எண்கள். பேனாவால் எழுதியதுபோல் தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறிவரும், சற்றே சாய்ந்த அராபிய எண்கள். பிறகு 1786 வாக்கில் கில்லோஷே. கடைசல் எந்திரத்தில் உலோகத் தகட்டின் மேல் நுண்ணிய கோடுகளைச் செதுக்கும் வேலை அது. அலங்காரத்துக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பளபளப்பைக் கொன்று கண் கூசாமல் செய்வது அதன் முதல் வேலை. மணிக்கு ஒரு நெசவு, விநாடிக்கு ஒரு நெசவு, மீதமுள்ள சாவியின் அளவைக் காட்ட இன்னொன்று என்று டயலை வயல் வரப்புபோல் பிரிப்பது இரண்டாவது வேலை. வண்ணமே மாற்றாமல் பகுதி பிரித்திருக்கிறார்.

படேக் ஃபிலிப் போன்ற போட்டி நிறுவனங்கள்கூடத் தங்கள் பட்டியலில் ‘பிரெகே எண்கள்’ என்றே எழுதுகின்றன. ஒருவருடைய பெயர் முள்ளுக்கும் எண்ணுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. வேறு எந்தக் கடிகாரக் கலைஞருக்கு இது வாய்த்தது? மறுப்பவர்கள் வாருங்கள்.


கண்லென்ஸ்:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. ஆனால் வடிவமைப்பு முகத்தோடு முடிந்துவிடுமா? நாற்பத்தொரு ஆண்டுகள் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்தவன் நான். என் மேசைக்கு வந்த மிகப் பழைய கடிகாரங்களில் திரும்பத் திரும்பப் பார்த்த பழுது ஒன்றுதான்: பேலன்ஸ் ஸ்டாஃப் உடைந்திருக்கும்.

கடிகாரத்தின் வேகத்தை அளந்துகொண்டு அங்கும் இங்கும் ஆடும் சக்கரம் பேலன்ஸ் வீல். அதற்கு அச்சாக இருக்கும் சின்னஞ்சிறு எஃகுத் தண்டுதான் ஸ்டாஃப். அதன் இரு முனைகளும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். ஒரு தலைமுடியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முனைகள் கல்லில் போட்ட துளைக்குள் நின்று நாளெல்லாம் ஆடுகின்றன. கடிகாரம் கைதவறிக் கீழே விழுந்தால் சக்கரத்தின் கனம் முழுவதும் அந்த மயிரிழையில் இறங்கும். கல்லோ அசையாது. முறிந்துவிடும்.

1790-இல் பிரெகே கண்டுபிடித்ததைப் பிரெஞ்சில் ‘பார்-ஷூத்’ என்றார்கள். விழுவதிலிருந்து காப்பது என்று பொருள். முனையைக் கூம்பாகச் செய்தார். அதைத் தாங்கும் கல்லை அசையாமல் பதிக்காமல் ஒரு மெல்லிய பட்டை வில்லில் வைத்தார். அடி விழும்போது கல் நெகிழ்ந்து இடம் கொடுக்கும், பிறகு வில் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தும். 1934-இல் வந்த இன்காப்ளாக் முதல் இன்றுவரை எல்லா அதிர்வுத் தாங்கிகளும் நிற்பது இந்த ஒரே எண்ணத்தின் மேல்தான்.

உங்கள் வீட்டில் எச்.எம்.டி. ஜனதா இருந்தால் எடுத்து டயலைப் படியுங்கள். ‘17 ஜுவல்ஸ்’, ‘பாரா ஷாக்’ என்று ஆங்கிலத்தில் சிறிதாக அச்சிட்டிருக்கும். எச்.எம்.டி. 1961-இல் பெங்களூரில் சிட்டிசனோடு சேர்ந்து கடிகாரம் செய்யத் தொடங்கியது, பாரா ஷாக் அந்தச் சிட்டிசனின் அதிர்வுத் தாங்கி. எந்திரத்தில் வேறு கைகள் பட்டிருக்கின்றன, ஆனால் கல்லை வில்லில் உட்காரவைக்கும் எண்ணம் 1790-இல் பாரிசில் பிறந்தது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனவர்களின் கடிகாரம் முப்பது ஆண்டு ஓடியதென்றால் அதற்கு இது ஒரு காரணம். டயலைப் பற்றிப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓடினால்தானே மணி பார்க்க முடியும்?


புதியவன்:

ஐயா, நண்பர்களே, எனக்கு அடிப்படையே தெரியாது. டூர்பியோன் என்ன செய்கிறது? காணொளிகளில் ஒரு கூண்டு சுற்றுகிறது, அவ்வளவுதான் புரிகிறது. என் தாத்தாவின் ஜனதா ஒன்று பீரோவில் கிடக்கிறது. இன்று மாலை எடுத்துப் பார்க்கிறேன்.


கண்லென்ஸ்:

தணலில் அப்பளம் சுட்டிருக்கிறீர்களா? ஒரே பக்கமாகப் பிடித்தால் அங்கே கருகும், மறுபக்கம் பச்சையாக இருக்கும். சுற்றிக்கொண்டே இருந்தால் சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் படும். தணலின் சூடு குறையவில்லை, பங்கிடப்பட்டது.

கடிகாரத்தில் தணலின் இடத்தில் புவியீர்ப்பு இருக்கிறது. பேலன்ஸ் வீலும் அதை ஆட்டிவைக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கும் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஏதோ ஒரு பக்கம் மயிரளவு கனம் கூடியே இருக்கும். கடிகாரம் நட்டுக்குத்தலாக நிற்கும்போது அந்தக் கனம் மேலே இருந்தால் ஒரு வேகம், கீழே இருந்தால் வேறு வேகம். அந்தக் காலத்தில் கடிகாரம் சட்டைப்பையில் நாள் முழுவதும் நின்றபடியே இருந்தது. எனவே பிழை ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். பிரெகே பேலன்ஸ், ஹேர் ஸ்பிரிங், எஸ்கேப்மென்ட் (சாவியின் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பேலன்ஸை உந்தும் அமைப்பு) எல்லாவற்றையும் ஒரு கூண்டில் போட்டு அந்தக் கூண்டையே சுற்றவிட்டார். ஒரு பக்கம் கூடியது மறுபக்கம் குறைந்து, சுற்று முடியும்போது கணக்கு நேராகிவிடும். அவர் செய்தவற்றில் ஒரு நிமிடத்தில் சுற்றுவதும் உண்டு, நான்கு, ஆறு நிமிடங்கள் எடுப்பதும் உண்டு. 1801 ஜூன் 26-இல் பத்தாண்டுகளுக்கான காப்புரிமை கிடைத்தது. டூர்பியோன் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சுழல்காற்று என்று பொருள்.


தேரி:

கண்லென்ஸ் ஐயாவின் விளக்கத்தை அப்படியே ஏற்கிறேன். அதிலிருந்தே என் மறுப்பு தொடங்குகிறது. கை எந்நேரமும் அசைகிறது, திரும்புகிறது. சட்டைப்பைக்காகச் செய்த மருந்து மணிக்கட்டுக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. இன்று டயலில் துளை போட்டு டூர்பியோனைக் காட்டி விற்கிறார்கள். பிரெகேயோ அதை உள்ளே மறைத்து வைத்தார், வாழ்நாளில் அவர் விற்றது நாற்பதைத் தாண்டவில்லை. அவருடைய நோக்கத்துக்கு நேர்மாறான ஒன்று அவர் பெயரில் நடக்கிறது.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரே ஆளின் தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. தானாகச் சாவி ஏறும் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெகே தன் ‘பெர்பெச்சுவெல்’ கடிகாரத்தை ஆர்லியன் கோமகனுக்கு விற்றது 1780-இல். 1777-இலேயே ஜெனீவாவின் கலைச் சங்கம் சுவிஸ் கடிகாரக்காரர் பெரலேயின் தானியங்கிக் கடிகாரத்தைப் பற்றி எழுதிவிட்டது. 1778-இல் லியேஜ் நகரத்துச் சார்த்தோன் தன் வடிவத்தைப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் கொடுத்துவிட்டார். இன்று நாம் கையில் கட்டும் ஆட்டோமேட்டிக்கின் மையத்தில் சுற்றும் எடை சார்த்தோனின் வரைபடத்துக்குத்தான் நெருங்கியது. பிரெகேயின் எடை ஒரு பக்கமாக மேலும் கீழும் ஆடுவது. லீவர் எஸ்கேப்மென்ட்டும் இங்கிலாந்தின் தாமஸ் மட்ஜ் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கொண்டுவந்தது.

ஒரு பெரிய பெயரின் நிழலில் இவர்கள் மறைந்துபோவது சரியில்லை.


மணிக்கூண்டு:

தேரி, பெரலேயையும் சார்த்தோனையும் நினைவூட்டியதற்கு நன்றி. முதலில் செய்தவர் யார் என்ற வழக்கில் நான் வாதாட வரவில்லை. பலர் செய்து பார்த்த ஒன்றை நாள்தோறும் நம்பி எடுத்துச் செல்லும் பொருளாக ஆக்கியவர் யார் என்பது என் கேள்வி. அவருடைய பெர்பெச்சுவெல் ஐரோப்பிய அரசவைகளில் நம்பிக்கையோடு வாங்கப்பட்டது. அந்த நம்பிக்கைதான் அவர் பட்டறையின் முதல் மூலதனம்.

இன்னொன்று. கடன்பட்டதை அவரே மறைக்கவில்லை. லண்டனின் கடிகாரக்காரர் ஜான் அர்னால்டு அவருக்கு நெருங்கிய நண்பர், இவர் மகன் அவரிடமும் அவர் மகன் இவரிடமும் தொழில் பழகினார்கள். அர்னால்டு 1799-இல் இறந்தார். பிரெகே செய்தது என்ன தெரியுமா? அர்னால்டின் பழைய க்ரோனோமீட்டர் (மிகத் துல்லியமான கடிகாரம்) ஒன்றை எடுத்து, அதற்குள் தன் டூர்பியோனைப் பொருத்தி, நண்பரின் நினைவுக்குக் காணிக்கை என்று செதுக்கி, 1808-இல் அவர் மகனிடம் கொடுத்தார். அப்போது பிரான்சும் பிரிட்டனும் போரில் இருந்த காலம். அந்தக் கடிகாரம் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தன் புதுமையை நண்பரின் படைப்புக்குள் வைத்துப் பரிசளித்தவர் பிறர் பெயரை மறைத்தவர் என்று எனக்குத் தோன்றவில்லை.


தேரி:

அதை மறுக்க மாட்டேன். என் குறை அவர்மேல் இல்லை, இன்று அவரைப் பற்றி எழுதப்படும் விதத்தின்மேல்தான்.


நதிக்கரை:

பாரிசில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த விவாதத்தைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்துக்கே போய்வந்தேன்.

சீத்தே தீவின் வடகரையில் சேன் நதியை ஒட்டி ஓடும் சாலைக்குப் பெயரே ‘கே த லோர்லோஜ்’. கடிகாரக் கரை. பிரெகே வந்ததால் வந்த பெயர் இல்லை, அவருக்கு முன்பே இருந்தது. கரையின் கிழக்கு மூலையில் அரண்மனைக் கோபுரத்தில் 14-ஆம் நூற்றாண்டிலிருந்து பொதுக் கடிகாரம் ஒன்று இருக்கிறது, பாரிசிலேயே பழையது. அங்கிருந்து மேற்கே நடந்தால் 39-ஆம் எண் கட்டடம் வருகிறது. பிரெகேயின் பட்டறை அங்கேதான் இருந்தது.

என்னை நிற்கவைத்தது இடையில் இருக்கும் கட்டடம். கோன்சியர்ஜெரி. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793 ஆகஸ்டில், மரி அந்துவானெத் அரசியைக் கொண்டுவந்து அடைத்த சிறை. அக்டோபர் 16-ஆம் தேதி அங்கிருந்துதான் கில்லட்டினுக்குக் கொண்டுபோனார்கள். அவருக்காகச் செய்வதாக 1783-இல் ஒப்புக்கொண்ட 160-ஆம் எண் கடிகாரம் அதே கரையில், அதே வரிசையில், முடியாமல் கிடந்தது. நடந்து பார்த்தேன், சில நிமிடங்கள்தான். அந்த ஆண்டு பிரெகேயும் உயிருக்குப் பயந்து பாரிசை விட்டுச் சுவிட்சர்லாந்து போய்விட்டார்.

அந்தக் கடிகாரத்துக்கு விதித்த நிபந்தனைகளைப் படித்திருப்பீர்கள்: அப்போது தெரிந்த எல்லா நுட்பமும் இருக்க வேண்டும், முடிந்த இடமெல்லாம் பொன்னே போட வேண்டும், பணத்துக்கும் காலத்துக்கும் வரம்பில்லை. முடிந்தது 1827-இல். அரசி போய் 34 ஆண்டு, பிரெகே போய் 4 ஆண்டு. மகன்தான் முடித்தார். 1983-இல் ஜெருசலேம் அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோய், 2007-இல்தான் மீட்கப்பட்ட செய்தி வெளிவந்தது.

டயல் பற்றிய கேள்விக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. அதற்குக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் படிகக்கல் டயல் போட்டிருக்கிறார்கள், உள்ளே ஓடும் சக்கரங்கள் முழுவதும் தெரியும். இன்று எந்திரத்தைத் திறந்து காட்டும் எலும்புக்கூட்டுக் கடிகாரங்கள் விற்கும் கடைகளைக் கடந்து வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு அந்தப் படிக டயல் நினைவாகவே இருந்தது.


நீலமுள்:

அருமை நதிக்கரை அண்ணா. படிக்கும்போதே அங்கே நிற்பதுபோல் இருந்தது.

எனக்கு ஒரு வருத்தம். இவ்வளவு பேசினோம், கைக்கடிகாரம் என்ற வடிவத்தையே யாரும் தொடவில்லை. 1810-இல் நேப்பிள்ஸ் அரசி கரோலின் முரா, நெப்போலியனின் தங்கை, மணிக்கட்டில் அணிய ஒரு கடிகாரம் வேண்டும் என்று பிரெகேயிடம் கேட்டார். முட்டை வடிவப் பெட்டி, மணியடிக்கும் அமைப்பு, வெப்பமானி, கூந்தலும் பொன்னிழையும் சேர்த்துப் பின்னிய பட்டை. 1812 டிசம்பரில் முடிந்தது. பட்டறைப் பேரேட்டில் 2639 என்ற எண்ணில் பதிவு இருக்கிறது, 1849-லும் 1855-லும் பழுதுபார்க்க வந்ததும் பதிவில் இருக்கிறது. அதற்குப் பிறகு கடிகாரம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. படம்கூட இல்லை.

மணிக்கட்டில் கட்டுவதற்கென்றே ஆணையிட்டுச் செய்யப்பட்டதாக ஏட்டில் நிற்பவற்றில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். அதைக் கேட்டவர் ஒரு பெண். நூறு ஆண்டுகள் கழித்தும் கைக்கடிகாரம் பெண்களின் அணி என்று ஆண்கள் ஒதுக்கினார்கள். முதல் உலகப்போரில் பதுங்குகுழியில் பையைத் துழாவ நேரமில்லாதபோதுதான் அவர்கள் மணிக்கட்டுக்கு வந்தார்கள். நான் கடிகாரம் பற்றிப் பேசத் தொடங்கினால் ‘உங்களுக்கு இதில் ஆர்வமா?’ என்று வியப்பவர்களிடம் இந்தப் பேரேட்டு எண்ணைத்தான் சொல்கிறேன்.


கண்லென்ஸ்:

அந்த எண்ணை நானும் குறித்துக்கொண்டேன் அம்மா.

ஹேர் ஸ்பிரிங் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்கு மனம் ஆறாது. பேலன்ஸ் வீலை அங்கும் இங்கும் ஆட்டிவைப்பது அந்தச் சுருள்தான். கொசுவர்த்திச் சுருள் மாதிரி தட்டையாக இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் விரிந்து சுருங்கி மூச்சுவிடும். ஆனால் தட்டைச் சுருள் நேராக மூச்சுவிடாது. வெளிமுனை ஒரு பக்கத்தில் கட்டப்பட்டிருப்பதால், விரியும்போது கட்டாத பக்கமாகப் பிதுங்கும். அந்தப் பிதுக்கம் ஸ்டாஃபை ஒரு பக்கமாகத் தள்ளும். தள்ளினால் உராய்வு, உராய்ந்தால் நேரம் பிசகும்.

1795-இல் பிரெகே செய்தது கைவேலை. கடைசிச் சுற்றை மட்டும் மேலே தூக்கி, சுருளின் தளத்துக்கு மேலாக உள்நோக்கி வளைத்து, மையத்துக்கு அருகில் கொண்டுபோய்க் கட்டினார். அவ்வளவுதான். அதன் பிறகு சுருள் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக விரிகிறது, குளத்தில் கல் போட்டால் வட்டம் போவதுபோல. அந்த வளைவு எந்தக் கணக்கில் அமைய வேண்டும் என்று எதூவார் பிலிப்ஸ் என்ற பொறியாளர் எழுதியது 1861-இல். கணக்கு வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கை கண்டுவிட்டது.

பயிற்சிக் காலத்தில் ஒரு பழைய வால்தம் சட்டைப்பைக் கடிகாரத்தில் இதை நேராக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. இரண்டு இடுக்கிகள். ஒன்றால் பிடித்து, மற்றொன்றால் தூக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்ய முடியும். கொஞ்சம் கூடினால் சுருள் கோணிவிடும், கோணியதைத் திருப்பினால் எஃகு சோர்ந்துவிடும். மூன்றாம் நாள் மாலை சரியாக வந்தது. அரைமணி நேரம் லென்ஸை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன், குரு வந்து தோளைத் தட்டும்வரை. ரோலெக்ஸ் தன் எந்திரங்கள் பலவற்றில் இன்றும் இதே மேல்வளைவைத்தான் போடுகிறது. ஆகவே வடிவம் என்றால் எனக்கு இதுதான் முதலில், முள் பிறகு.


ஒற்றைமுள்:

இத்தனை நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது ஒரு சோதனை செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

புரட்சிக்குப் பிறகு 1795-இல் பிரெகே பாரிசுக்குத் திரும்பியபோது பட்டறை பாழாகிக் கிடந்தது, பழைய வாடிக்கையாளர்களான பிரபுக்கள் இல்லை. அப்போது அவர் கொண்டுவந்தது சந்தாக் கடிகாரம். சுமார் 61 மில்லிமீட்டர் அகலம், எளிய எந்திரம், எனாமல் டயல், ஒரே ஒரு முள். விலையில் கால் பங்கை முன்பணமாகக் கட்டினால் செய்து கொடுப்பார். 1797-இல் இதற்காகத் துண்டறிக்கையே அச்சிட்டார். சுமார் 700 விற்றிருக்கிறது. அரசர்களுக்குச் செய்தவர் நடுத்தர மனிதருக்கு எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

ஒரு முள்ளில் எப்படி மணி பார்ப்பது என்று எனக்குப் புரியவில்லை. எனவே வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, நிமிட முள்ளையும் விநாடி முள்ளையும் எடுத்துவிட்டேன். வெள்ளைத்தாளில் புது டயல் வரைந்தேன்: ஒவ்வொரு மணிக்கும் இடையில் பன்னிரண்டு பிரிவுகள், ஒரு பிரிவு ஐந்து நிமிடம். மணிமுள்ளின் நுனியில் துடைப்பக்குச்சியின் மெல்லிய கீற்றை ஒட்டிக் கூராக்கினேன். சமையலறையில் மாட்டி ஒன்பது நாள் ஆகிறது.

முதல் நாள் எரிச்சல். என் மனைவி இரண்டு முறை கைபேசியைத் தேடினார். மூன்றாம் நாள் பழகிவிட்டது. இப்போது முள் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்பதைக் கண்டால் ‘எட்டு இருபது தாண்டிவிட்டது’ என்று நாக்கு தானாகச் சொல்கிறது. குழந்தைகளின் பள்ளி வேனுக்கு இந்தத் துல்லியம் போதுமானதாக இருக்கிறது. ஒருநாளும் தவறவில்லை. என் ஆறு வயது மகளுக்கு இரண்டு முள் கடிகாரத்தில் மணி பார்க்க வராது, இதில் பார்க்கிறாள்.

மணிக்கூண்டு சொன்னது அந்தக் குச்சியை ஒட்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. மொட்டை முனையோடு விட்டிருந்தால் ஐந்து நிமிடக் கோட்டைப் பிடிக்கவே முடியாது. டயல் முழுவதும் அந்த ஒரு கூர்முனையை நம்பி நிற்கிறது. ஜெர்மனியில் மைஸ்டர்சிங்கர் என்ற நிறுவனம் இந்த நூற்றாண்டிலும் ஒற்றை முள் கடிகாரங்களையே முதன்மையாகச் செய்து விற்கிறது. கேட்க ஆள் இருக்கிறது என்றுதானே பொருள்.


மணிக்கூண்டு:

அந்தத் தாள் டயலின் படத்தைத் தயவுசெய்து போடுங்கள். கோடுகளின் நீளத்தை எப்படி வைத்தீர்கள்? கால்மணிக் கோட்டை மட்டும் சற்று நீட்டினால் கண் இன்னும் விரைவாகப் பிடிக்கும்.


ஒற்றைமுள்:

அரைமணிக்கு மட்டும் நீட்டியிருக்கிறேன். கால்மணிக்கும் நீட்டிப் பார்க்கிறேன். படம் நாளை.


தேரி:

ஒற்றைமுள் செய்தது இங்கு வந்த வாதங்களிலேயே வலுவானது. சந்தாக் கடிகாரத்தை நான் வெறும் விற்பனை உத்தி என்றே எண்ணியிருந்தேன். மாற்றிக்கொள்கிறேன்.

என் பங்குக்கு அவருடைய தோல்வி ஒன்றைப் பற்றி. 1789 வாக்கில் ‘இயல்பு எஸ்கேப்மென்ட்’ என்று ஒன்றைச் செய்தார். ஒரு சக்கரத்துக்குப் பதில் இரண்டு. இரண்டும் மாறிமாறிப் பேலன்ஸை நேராக உந்தும், உரசித் தள்ளும் இடம் இல்லாததால் அங்கே எண்ணெய் தேவையில்லை. அந்தக் காலத்து எண்ணெய் சில ஆண்டுகளில் தடித்துப் பிசினாகிவிடும், கடிகாரம் மெல்ல மெல்லப் பிந்தும். ஒவ்வொரு கடிகாரக்காரரின் தலைவலியும் அதுவே. அதை வேரோடு அகற்றப் பார்த்தார். முடியவில்லை. இரண்டு சக்கரங்களின் பற்களுக்கு இடையிலான சிறு இடைவெளி எல்லாவற்றையும் கெடுத்தது. அவ்வளவு துல்லியமாகப் பல் வெட்ட அன்றைய கருவிகளால் இயலவில்லை. கைவிட்டார்.

20-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜார்ஜ் டேனியல்ஸ் பிரெகேயின் கடிகாரங்களைப் பிரித்துப் படித்து அதே சிக்கலில் இறங்கினார். அந்தத் தேடல் அவரை உரசலைக் குறைக்கும் கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட் வரை கொண்டுபோனது, 1999-இல் ஒமேகா அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2025-இல் ரோலெக்ஸ் லேண்ட்-ட்வெல்லர் என்ற கடிகாரத்தில் டைனாபல்ஸ் என்ற எஸ்கேப்மென்ட்டைப் போட்டது. இரண்டு சக்கரங்கள், சிலிக்கானில். இயல்பு எஸ்கேப்மென்ட்டின் வழிவந்தது என்று சொல்கிறார்கள். கருவி வரும்வரை 230 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த யோசனை அது. நிறுவன விளம்பரங்களை நம்பாதவன் நான். இதை மட்டும் முழுமனதோடு ஏற்கிறேன்.

மணிக்கூண்டுக்கு ஒரு செய்தி: அவர் வாழ்நாளிலேயே போலிகள் பெருகியதால் 1795 வாக்கில் டயலில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய இரகசியக் கையெழுத்தைப் பொறித்தார். சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். போலி செய்தவர்கள் திருடியது டயலின் தோற்றத்தைத்தான், டூர்பியோனை இல்லை. உங்கள் பக்கத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?


மணிக்கூண்டு:

இதை நான் யோசிக்கவே இல்லை. நன்றி தேரி. எழுத்துரு திருடுபோன வலி எனக்குத் தெரியும்.

கண்லென்ஸ் ஐயா, உங்கள் மேல்வளைவு பற்றி இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தேவையில்லாத இடத்தில் பட்டு உரசாமல், தேவையான இடத்தில் மட்டும் தொடுவது. முள்ளிலும் அவர் செய்தது அதுவேதான் இல்லையா? இரண்டும் ஒரே கையின் வேலை என்பதை நான் பார்க்கத் தவறிவிட்டேன். டயலா எந்திரமா என்று தலைப்பில் பிரித்துக் கேட்டதே சரியில்லை.


கண்லென்ஸ்:

கேட்டதால்தானே பேசினோம் தம்பி.


புதியவன்:

தாத்தாவின் ஜனதாவை எடுத்தேன். கண்லென்ஸ் ஐயா சொன்னதுபோலவே ‘பாரா ஷாக்’ என்று இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக அது கடிகாரத்தின் பெயர் என்று நினைத்திருந்தோம். பின்மூடியைப் பக்கத்துத் தெருக் கடையில் திறந்து காட்டினார்கள். பேலன்ஸுக்கு நடுவில் ஒரு சிவப்புக் கல், அதன்மேல் மிகச்சிறிய வில் ஒன்று படிந்திருக்கிறது. இலேசாக அசைத்ததும் சக்கரம் ஆடத் தொடங்கிவிட்டது. ஒரு நிமிடம் ஓடி நின்றது. சாவி கொடுத்து ஓட்டலாமா ஐயா?


கண்லென்ஸ்:

கொடுக்காதீர்கள். ஸ்டாஃப் நன்றாக இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது, நல்ல செய்தி. ஆனால் பல ஆண்டு கிடந்த எண்ணெய் காய்ந்திருக்கும், அப்படியே ஓட்டினால் முனை தேயும். முதலில் முழுவதும் பிரித்துக் கழுவி எண்ணெய் போடச் சொல்லுங்கள். அந்த வில்லைக் கழற்றும்போது மேலே விரலை வைத்து மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், துள்ளி ஓடினால் கிடைக்காது. பிறகு தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். ஒரு வாரம் எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று குறித்து இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.